கண்டதைச் சொல்லாத காலை

இலங்கையில், சிலாபத்து வாசிகசாலை ஒன்றில் இரண்டு மாலைகள் மாயையைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஸ்டெல்லா கூப்பிட்டாள். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அவள். கல்பிட்டிக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேதாந்தத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "நீ வந்து கதைச்சா சனம் கேட்கும், எனக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை" என்றாள்.

இந்தப் பயணம் முழுக்க ஒரு ரகசியத்தோடுதான் நடந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக எனக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. நேராகப் பார்க்கும் இடம் மங்கல், ஓரங்கள் தெளிவு. இது மருத்துவருக்கும் மகனுக்கும் தெரியும், ஸ்டெல்லாவுக்கு ஏதோ மங்கல் என்ற அளவில் தெரியும். தெரியாதது வேறொன்று. நான்கு மாதமாக நான் இல்லாத ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரோரம் நிற்பார்கள். சில நாள் ஜரிகைத் தலைப்பாகையோடு, சில நாள் சாதாரண வேட்டி சட்டையோடு. சமையலறையில் ஒரு பெண்மணி அடிக்கடி வந்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பாள். யாரும் பேசுவதில்லை, எந்தச் சத்தமும் இல்லை. பார்வை குறைந்த கண்ணுக்கு இப்படி நேர்வதுண்டு, புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. முப்பது வருடம் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த பெண்மணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசும், மாலை வகுப்புகள் நிற்கும், மகன் வீட்டைப் பூட்டி என்னை பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போவான் என்று பயந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

உண்மை எது, பொய் எது என்று பிரிக்க நானே ஒரு சோதனை வைத்திருந்தேன். சந்தேகமான ஆளை நேராகப் பார்க்க வேண்டும். மறைந்தால் பொய், நின்றால் மெய். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முதல் நாள் காலை சிலாபத்தில் பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்கு வாங்கிக்கொடுக்கும் ரொட்டியை இங்கே கடலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் அரை றாத்தல் ஒரே மூச்சில் சாப்பிடுகிறார்கள். சம்பலின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்காரர் ஸ்டெல்லாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். "இந்தியாவில மிளகாய் விளையிறதில்லையோ எண்டு கேட்கிறார்" என்றாள்.

மாலையில் வாசிகசாலை நிரம்பியிருந்தது. வழக்கமான உதாரணங்களை எடுத்தேன். அரையிருட்டில் கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறியவன், கானலைத் தண்ணீரென்று ஓடியவன், சிப்பியை வெள்ளியென்று குனிந்து பொறுக்கியவன். கடற்கரை ஊர் என்பதால் சிப்பியை மட்டும் கொஞ்சம் நீட்டினேன். முடிந்ததும் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் எழுந்தார். "எல்லாம் கயிறைப் பாம்பெண்டு நினைச்சவையின்ர கதையாத்தான் இருக்கு, மிஸ். பாம்பைக் கயிறெண்டு நினைச்சுப் பிடிச்சவனைப் பற்றி உங்கட புத்தகங்களில ஒண்டும் இல்லையோ?"

"அவன் திரும்பி வந்து புத்தகம் எழுதவில்லை" என்றேன். சபை கொல்லென்று சிரித்தது. பதில் தெரியாத கேள்வியைச் சிரிப்பில் கரைத்துவிடுவது வாத்தியார் தொழிலில் கற்ற வித்தை. கேட்டவர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

இரண்டாவது பேச்சும் முடிந்து, மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் வீட்டுக்குக் கிளம்பினோம். பாலாவியில், உப்பளங்களுக்கு நடுவே, பேருந்தின் பின்சக்கரம் காற்றுப் போனது. நடத்துனர் இறங்கிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். அது தேறவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் இறங்கினோம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள்: காற்று மாறிவிட்டதாம், இனி இரண்டு மாதம் பெருங்கடல் விடாது, எல்லோரும் களப்புக்குள்தான் தொழில் செய்ய வேண்டுமாம். கடலோரம் உள்ளே புகுந்து தேங்கிய பெரிய நீர்ப்பரப்பைத்தான் இங்கே களப்பு என்கிறார்கள்.

உப்புக் குவியல்களுக்கு மேல் வெயில் நடுங்கியது. கால் நீட்ட நடந்தபோது சாலையின் நடுவே ஐந்து கழுதைகள் நின்றன. அசையவில்லை, கத்தவில்லை. இதென்ன புது வரவு, இனி மிருகங்களுமா என்று நொந்துபோய் நேராகப் பார்த்தேன். மறைந்தன. சரி, என்னுடையவைதான் என்று தொடர்ந்து நடந்தேன்.

"அடியே, கழுதையில முட்டப் போறாய்!" என்று ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கத்துச் சாலைகளில் கழுதைகள் கேட்பாரற்றுத் திரிவது வழக்கமாம். ஏதோ யோசனையில் வந்துவிட்டேன் என்று சமாளித்தேன். என் சோதனை ஒரு தடவை பொய்த்துவிட்டது என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான்காம் நாள் காலை உச்சமுனைக்குப் போனோம். கல்பிட்டியிலிருந்து களப்பு வழியாகப் படகில் போகிற தீவு. ஸ்டெல்லாவின் பழைய மாணவி ஒருத்தி தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அழைத்திருந்தாள். படகுக்காரர் நசீர், நாற்பது வயதிருக்கும். தொண்ணூறில், போரின் நடுவே, மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம். கரைத்தீவில் வீடு, கல்பிட்டியில் தொழில். எந்த ஊர் என்று கேட்டேன். "மன்னார்" என்றார். பிறகு தானே சிரித்து, "அஞ்சு வயசுல விட்டு வந்த ஊரு. எம் புள்ளைகள்ட கேட்டா கரைத்தீவுண்டுதான் சொல்லும். ரெண்டும் உண்மைதான் அம்மா" என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

படகின் பின்பாதி முழுக்க ஐஸ் பெட்டிகளும் விருந்துக்கான சாமான்களும். முன்னால் ஒருவர் உட்கார வேண்டும். "நான் முன்னுக்கு இருக்கிறன், உனக்குக் கண் மங்கல்தானே" என்றாள் ஸ்டெல்லா. "என் கண் நன்றாகத்தான் இருக்கிறது" என்று வெடுக்கென்று சொல்லி நானே போய் உட்கார்ந்தேன். வீம்பு, வேறென்ன.

நசீர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "வேகம் எடுத்தா முன்பக்கம் தூக்கிரும் அம்மா. பொறவு எனக்கு முன்னால ஒண்டும் தெரியா. முன்னுக்கு இருக்கிறவங்கதான் எனக்குக் கண்ணு. கம்பு, வலைக் கட்டை, ஆளு, என்ன கண்டாலும் அந்தப் பக்கம் கையக் காட்டுங்க. சரியா பிழையாண்டு நீங்க யோசிக்க வேணாம். அத நான் பாத்துக்குவன்." இங்கே எல்லாப் படகிலும் அப்படித்தானாம். முன்னால் இருப்பவர் தவறாகக் காட்டினால் யாரும் ஏச மாட்டார்கள், காட்டாமல் இருந்தால்தான் ஏச்சு.

முதல் அரை மணி நேரம் ஒழுங்காகவே செய்தேன். இரண்டு வலைக் கட்டைகளைக் காட்டினேன். ஒரு நீர்க்காகத்தைக் கட்டை என்று காட்டினேன், அது பறந்தது, நசீர் சிரித்தார். ஸ்டெல்லா தண்ணீர்த் தெறிப்புக்குப் பயந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள்.

பிறகு இடதுபக்கம், வலை கட்டுவதற்கு நட்ட கம்புகளின் வரிசையில், ஓரக்கண்ணில் ஒரு ஆள் தெரிந்தான். இடுப்பளவு தண்ணீரில், ஒரு கம்பைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில் வள்ளம் எதுவும் இல்லை. இடது கையைத் தூக்கினான். பிறகு கம்பைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினான். வாய் திறந்து மூடியது. என் காதில் எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் விழவில்லை.

களப்பின் நடுவே, வள்ளம் இல்லாமல், சத்தமில்லாமல் ஒரு மனிதன். நேராகத் திரும்பிப் பார்த்தேன். மறைந்தான். நல்லவேளை, கையைக் காட்டி மானம் போகாமல் தப்பினேன் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அப்படியேதான் நினைத்தேன்.

உச்சமுனையில் நண்டுக் கறியும் சோறும். குழந்தை எல்லோர் மடியிலும் அழுதது, என் மடியில் மட்டும் தூங்கியது. அந்தச் சந்தோஷத்தில் காலையில் கண்டதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மதியம் திரும்பும்போது காற்று ஏறியிருந்தது. பாதி வழியில் நசீர் எஞ்சினைக் குறைத்தார். ஒரு சின்ன வள்ளம் ஆளில்லாமல் அலையில் ஆடிக்கொண்டு வந்தது. உள்ளே வலையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "இது அருளப்பு அண்ணண்ட வள்ளம்" என்றார். "ஆளு எங்க?"

அப்போதுதான் புரிந்தது. என் கண்ணின் நடுவில் பார்வை இல்லை. பக்கத்தில் பெரிதாக நிற்பது மட்டும் அதை மீறித் தெரியும்; தூரத்தில் உள்ளதை நேராகப் பார்த்தால் கழுதையும் மறையும், கோயில் கோபுரமும் மறையும், உயிரோடு நிற்கிற மனிதனும் மறைவான். நான்கு மாதமாக ஓட்டைத் தராசில் உலகத்தை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"நசீர், அந்தக் கம்பு வரிசைக்குப் போங்கள். வலதுபக்கம். அங்கே ஒருவர் நிற்கிறார்."

"எனக்கு ஒண்டும் தெரியல்லயே அம்மா."

"போங்கள் என்கிறேன்!"

அவர் அங்கேதான் இருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துத் தன்னைக் கம்போடு கட்டிக்கொண்டிருந்தார், தலை மார்பில் விழுந்திருந்தது. திருக்கை மீனை மிதித்து அதன் முள் கணுக்காலில் ஏறியிருந்தது. வலியில் வள்ளத்தை விட்டுவிட, காற்று அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கால் தொடைவரை வீங்கிக் கறுத்திருந்தது. மூன்று பேரும் சேர்ந்து படகில் தூக்கிப் போட்டோம். கரையில் ஆம்புலன்ஸ் வந்தது. நசீர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா காணாட்டி இண்டைக்கு மவுத்துத்தான். அல்லாதான் உங்கள முன்னுக்கு இருத்தினது" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டெல்லாவின் வீட்டு வாசல் ஓயவில்லை. ஒருவர் இறால் கொண்டுவந்தார், பள்ளிவாசல்துறையிலிருந்து ஒரு பெண் கருவாட்டுப் பொதியோடு வந்தாள். இந்தியாவிலிருந்து வந்த அம்மா எவ்வளவு தூரத்தில் நின்ற ஆளைக் கண்டுபிடித்தார் என்று வந்தவர்களெல்லாம் அதிசயித்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் தூரம் கூடிக்கொண்டே போனது. என் கண்ணைப் புகழ்ந்தார்கள்.

பின்னேரம் அருளப்பின் மனைவி ரீற்றா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, அவர் சொல்லுறதை மனசில வைக்காதேங்கோ. காலமயே நீங்கள் அவரைக் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீங்களாம். அதையேதான் சொல்லிக்கொண்டு கிடக்கிறார். உயிர் தந்தவவைப் பழி சொல்லுறியே எண்டு எல்லாரும் ஏசிப்போட்டினம். வலியும் வெயிலும் சேர்ந்தா இல்லாததெல்லாம் தெரியுமாம், ஆஸ்பத்திரியிலயும் சொன்னவை. அவருக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

"பரவாயில்லை" என்றேன் நான்.

அறுபத்தைந்து வருடத்தில் நான் சொன்ன சொற்களில் இதைவிடக் கேவலமானது இல்லை. பரவாயில்லையாம். ரீற்றா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அவர் போனபின் நெடுநேரம் நாற்காலியிலேயே இருந்தேன். எதிர்ச் சுவரோரம் என் ஆட்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். வழக்கமாகப் பயம் வரும், அன்று கோபம் வந்தது. பின்னால் வரும் அறிவு தள்ளிவிட்டால்தான் முன்னால் கண்டது பொய் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தபிறகுதான் பாம்பு இல்லையென்று ஆகும். நான் விளக்கும் கொண்டுவரவில்லை, பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவும் இல்லை. ஒரு மனிதனை இல்லையென்று தள்ளிவிட்டுப் போனேன். கேட்டிருந்தால் ஒரு நொடி வேலை. கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று கேட்கவில்லை.

இப்போது அதைவிட மோசமானது நடந்துகொண்டிருந்தது. அருளப்பு கண்டது மெய். தன்னை ஒருத்தி பார்த்ததையும், முகம் திருப்பியதையும் அவர் தெளிவாகவே கண்டிருக்கிறார். அந்த மெய்யை ஒரு ஊரே கூடிப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் அவரே அதை நம்பிவிடுவார். தன் கண்ணைத் தான் நம்ப முடியாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று அந்தக் கடற்கரையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அவரை அதில் தள்ளிவிட்டு நான் இறால் வாங்கி வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் நசீர் பிடித்துவந்த ஆட்டோவில் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்டெல்லா வழியில் ஆப்பிள் வாங்கினாள். நான் வழி முழுக்க, சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மகன், வகுப்பு, வீடு. எல்லாம் போகும் என்றே தோன்றியது.

அருளப்பு ஐம்பது வயது மனிதர், காலில் பெரிய கட்டு. என்னைக் கண்டதும் மேலே சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டார். ரீற்றா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "அண்ணே, இந்த அம்மாதான்" என்றார் நசீர்.

"நன்றி அம்மா" என்றார் அருளப்பு, விசிறியிடம். "சொல்லச் சொன்னவை. எனக்குத்தான் ஏதோ பிழையாத் தெரிஞ்சிட்டுதாம்."

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. நின்றுகொண்டே சொன்னேன்.

"உங்களுக்குப் பிழையாகத் தெரியவில்லை. காலையில் போகும்போதே நான் உங்களைக் கண்டேன்."

"ஐயோ அம்மா, அவர்ர மனசு ஆறுறதுக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டாம்" என்று ரீற்றா பதறினார். ஸ்டெல்லாவும் என் முழங்கையைத் தொட்டாள். நான் நல்லவளாக இருக்கிறேனாம். உண்மையைச் சொன்னால்கூட நம்புவதற்கு ஆளில்லை.

"முதலில் இடது கையைத் தூக்கினீர்கள்" என்றேன் அவரைப் பார்த்து. நேராகப் பார்த்ததால் எனக்கு முகம் தெரியவில்லை, தலையணை மட்டும் தெரிந்தது. "பிறகு கம்பைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினீர்கள். ஏதோ கத்தினீர்கள். நான் உங்கள் பக்கம் முழுதாகத் திரும்பினேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்."

அவர் விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார்.

"ஏன் அம்மா எனக்குக் கையக் காட்டல்ல?" நசீரின் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. "நான் சொன்னேன்தானே, சரியா பிழையாண்டு நான் பாத்துக்குவன் எண்டு."

எல்லாவற்றையும் சொன்னேன். சுவரோரம் நிற்பவர்களை, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வருகிறவளை, நான்கு மாதத்தை, கழுதைகளை, என் சோதனையை. பைத்தியம், இங்கே சொல்வதுபோல் விசர், என்று சொல்வார்களோ என்ற பயத்தில் எல்லோரிடமும் மறைத்ததை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா அழ ஆரம்பித்திருந்தாள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

பிறகு அருளப்பு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா ரீற்றா? எனக்கு விசர் இல்லை."

ரீற்றா வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்று தலையசைத்தார். அவர் அந்தக் கையை எட்டிப் பிடித்து, இன்னொரு தடவையும் அதையே சொன்னார். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் விம்மினார். தண்ணீரில் நின்றபோது அழுதிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இதற்குத்தான் அழுதார்.

அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். அவர் பார்த்தது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது.

"தண்ணிக்குள்ள இன்னும் மூண்டு மணித்தியாலம் அம்மா" என்றார்.

ரீற்றா போட்ட நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கும் விசர் இல்லை" என்றார் அவர். "ஆனா நீங்கள் சொல்லியிருக்கோணும்."

"ஓம்" என்றேன்.